பெயர் எழுதப்படாத பெண்களின் வரலாறு

எங்கள் மாம்புரிக் கரையிலே வலை இழுப்போரின் பெயரை ஊர் அறியும். மீனைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் உலர்த்தும் பெண்களின் பெயரை எழுதிவைத்தார் எவர்? வேலைநிறுத்தத்திலும் விடுதலைப் போரிலும் இதுவே நிலை. அப்பெயர்களைத் தேடுவதையே வாழ்நாட் பணியாக ஏற்றவர் கலாநிதி குமாரி ஜயவர்த்தனா.

1931 இல் கொழும்பிற் பிறந்த அம்மையாரின் தந்தையார் சிங்கள அறிஞர் ஏ. பி. டி சொய்சா, தாயார் ஆங்கிலேயப் பெண்மணி. இலண்டனிற் பயின்று 1964 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். கொழும்பிற் பல்கலைக்கழக ஆசிரியராயிருந்தார். இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றிய அவரது நூல் 1972 இல் வெளிவந்தது. 1893 இல் அச்சகத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் முதலாயினவற்றை அது விரித்துரைக்கின்றது.

ஆயினும் அவர் புகழை நாடு கடந்து நிறுத்தியது, பெண்ணியமும் தேசியமும் பற்றி 1986 இல் வெளியிட்ட நூலேயாம். பெண்ணுரிமை மேனாட்டு இறக்குமதிச் சரக்கு என்று நம்மவருட் பலர் மேடைதோறும் முழங்குவதுண்டு. எகிப்து முதல் யப்பான் வரை ஆராய்ந்த அம்மையார், அந்நிய ஆட்சியை எதிர்த்த போராட்டத்தோடு உடன்பிறந்ததே அது எனக் காட்டினார். அதேவேளை, பெண்ணைப் போராட்டத்துக்கு அழைத்த தேசியத் தலைவர்கள் அவளை இல்லத்தின் பழைய எல்லைக்குள்ளேயே நிறுத்த விரும்பியதையும் அவர் மறைத்தாரல்லர். நூலின் நேர்மைக்கு இவ்வொன்றே சான்று.

அமெரிக்காவிலே கறுப்பினப் பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தை ரோசலின் டெர்போர்க்-பென் 1998 இல் நூலாக்கினார். வெள்ளைப் பெண்டிர் எழுதிய வரலாற்றிலே அவர்கள் பெரும்பாலும் விடுபட்டிருந்தனர். இலங்கையில் நிகழ்ந்தது யாது? டொனமூர் ஆணைக்குழுவின் முன் 1927-28 இல் பெண்களுக்கு வாக்குரிமை கோரிய அக்னஸ் டி சில்வாவிடம், தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் அது வேண்டுமா என்று வினவப்பட்டது. அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்பதே அவர் விடை. குமாரி அம்மையாரின் நூலில் மாணவர் தவறாது படிக்கவேண்டிய இடம் இது.

வாக்குரிமை 1931 இல் வந்தது. 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களோ மலையகத் தமிழரிற் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. அக்னஸ் யாருக்காக வாதாடினாரோ அப்பெண்களும் அவர்களுள் அடங்குவர்!

தோட்டத் தொழிலாளரின் இரு நூற்றாண்டு வரலாற்றை, ரேச்சல் குரியனுடன் இணைந்து 2015 இல் அம்மையார் நூலாக்கினார். தமிழ் கற்பிக்கும் நமக்கும் ஒரு கடன் உண்டு. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டத் தொழிலாளருக்காகப் பாட்டியற்றிக் கூட்டங்களிற் பாடியவர். நம் வகுப்பறைகளில் எத்தனை மாணவர் அவர் பெயரைக் கேட்டிருக்கின்றனர்?