'கவர்' என்னும் ஒரு சொல்



எனக்குப் பழக்கமான ஒரு தோட்டத்திலிருந்து ஓர் அம்மையார் தம் மகனை அழைத்துக்கொண்டு ஒரு நாள் மாலை என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். மடித்து மடித்து ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது. அவருடைய கணவர் விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் வழியில், மழையில் நனைந்த செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் வழுக்கிக் கீழே விழுந்து கால் முறிந்து கிடந்தார். வண்டியும் உருப்படியில்லாமல் போய்விட்டது. வண்டிக்கு நட்ட ஈடு கேட்டு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதியிருந்தார்கள். அதற்கு வந்த பதில்தான் அந்தக் கடிதம்.

கடிதத்தில் 'நாட் கவர்ட்' என்று இரண்டு சொற்கள் இருந்தன. மூன்றாம் படிவம் படிக்கும் பையன் அகராதியைப் புரட்டிப் பார்த்திருக்கிறான். 'கவர்' என்றால் மூடு. 'நாட் கவர்ட்' என்றால் மூடப்படவில்லை. ஆகவே, "அப்பாவின் கேஸ் இன்னும் மூடப்படவில்லை, நடந்துகொண்டிருக்கிறது" என்று தாயாருக்கு விளக்கம் சொல்லிவிட்டான். அவர்களும் நம்பிக்கையோடு காத்திருந்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, ஆறு மாதங்கள்!

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அகராதியைப் பார்த்தானே, அதுவே பெரிது. ஆனால் ஆங்கிலத்தில் சில சொற்கள் நம் வீட்டுப் பாத்திரத்தைப் போன்றவை. அதே பாத்திரத்தில் அரிசியும் களைவோம், தண்ணீரும் மொள்வோம். எதற்காகக் கையில் எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். 'கவர்' அப்படிப்பட்ட ஒரு சொல். இன்றைக்கு அதைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் வீட்டுக்குள் பார்ப்போம். எந்த ஒன்றின் மேலும் அதை மூடும்படியாகவோ போர்த்தும்படியாகவோ இருப்பது 'கவர்'. மெத்தைக்கு ஒன்று, நாற்காலிக்கு ஒன்று, மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு ஒன்று. புத்தகத்தின் அட்டையும் 'கவர்'தான். அந்த அட்டை கிழியாமலிருக்க நாம் போடும் பிளாஸ்டிக் உறையும் 'கவர்'தான். பள்ளியில் இரவலாகக் கொடுக்கும் பாடநூலை ஆண்டு முடிவில் கிழியாமல் திருப்பித் தரவேண்டும் அல்லவா? அந்த உறை போடும் இரவு எல்லா வீட்டிலும் ஒரு திருவிழா மாதிரிதான். ஆனால் தலையணை உறையை நாம் 'பில்லோ கவர்' என்கிறோம். ஆங்கிலேயர் பெரும்பாலும் 'பில்லோ கேஸ்' என்பார்கள். சட்டியின் மூடிக்கு 'லிட்' என்று தனிச் சொல் உண்டு. மலாய் மொழியில் இந்தப் பிரிவு இன்னும் தெளிவு. தலையணைக்கு 'சாரோங் பந்தால்', புத்தகத்துக்கு 'கூலிட் பூக்கு', சாப்பாட்டை ஈ மொய்க்காமல் கவிழ்த்து மூடும் கூடைக்கு 'துடோங் சாஜி', கடித உறைக்கு 'சாம்புல் சூராட்'. நம் பிள்ளைகள் மூன்று மொழிகளுக்கு நடுவே வளர்கிறவர்கள். ஒரு மொழியில் ஒரே சொல்லாக இருப்பது இன்னொரு மொழியில் நான்காகப் பிரியும் என்பது அவர்களுக்குப் புதிதல்ல.

கடித உறை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தமிழில் 'கவர்' என்று சொன்னால் பலருக்கும் முதலில் தோன்றுவது கடித உறைதான். சம்பளத்தைக் காகித உறையில் போட்டுக் கொடுத்த காலத்தில் 'சம்பளக் கவர்' என்போம். இது பழைய தபால் வழக்கு. தபால் தலை சேர்ப்பவர்கள், புதிய தலை வெளியாகும் நாளிலேயே முத்திரை குத்திய உறையை இன்றைக்கும் 'பர்ஸ்ட் டே கவர்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் காலத்து ஆங்கிலத்தில் வெறும் உறையைக் கேட்பதானால் 'என்வலப்' என்று கேட்க வேண்டும். கடையில் போய் 'கவர்' என்றால் கடைக்காரர், "எதற்குக் கவர்?" என்று திருப்பிக் கேட்பார். தமிழ்நாட்டிலோ பிளாஸ்டிக் பைக்கும் 'கவர்' என்றே பெயர். அங்கே போன நம்மூர்க்காரர்கள் கடையில் முதல் தடவை சற்று விழிப்பதுண்டு.

பெண்களுக்குத் தெரிந்த இன்னொரு 'கவர்' இருக்கிறது. அதுதான் கவரிங் நகை. உள்ளே செம்போ பித்தளையோ, மேலே தங்க முலாம். மேலே போர்த்தியது என்பதால் 'கவரிங்'. ஆங்கிலச் சொல்லை எடுத்து நாமே செய்துகொண்ட பெயர் இது. ஓர் ஆங்கிலேயரிடம் 'கவரிங்' என்று சொன்னால் அவர் நகையென்றே நினைக்கமாட்டார். அவர்கள் முலாம் பூசியது என்னும் பொருளில் வேறு சொல் வைத்திருக்கிறார்கள். தமிழிலேயே 'கவர்' என்றொரு வினைச்சொல்லும் உண்டு. கைப்பற்று, மனத்தை இழு என்று பொருள். கவர்ச்சி அதிலிருந்து வந்தது. ஓசை ஒன்றே தவிர, ஆங்கிலச் சொல்லுக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை.

இனி வீட்டை விட்டு வெளிக்காட்டுக்கு வருவோம். அங்கே 'கவர்' என்றால் மண்ணின் போர்வை. புதுக் கன்று நட்ட நிலத்தில் கொடிகொடியாகப் படர்ந்திருக்கிறதே, அதற்கு ஆங்கிலத்தில் 'கவர் கிராப்' என்று பெயர். மலாயில் 'தானமான் பெனுத்துப் பூமி', அதாவது பூமியை மூடும் பயிர். தமிழில் மூடுபயிர் எனலாம்.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பது சட்டம்போல் இருந்தது. மண் தரை பளிச்சென்று தெரிய வேண்டும். அப்படிச் சுரண்டிச் சுரண்டிச் சுத்தம் செய்தது யார்? நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும்தான். கொத்தின கையும் வளைந்த முதுகும் அவர்களுடையவை. விளைவு என்ன? நம் நாட்டு மழை சாதாரண மழையா? மூடுவதற்கு ஒன்றும் இல்லாத சரிவுகளில் மேல்மண் கரைந்து ஆற்றோடு போயிற்று. நல்ல மண் போன பிறகுதான், தரையை வெறுமையாக விடக் கூடாது, ஏதாவது போர்த்தி வைக்க வேண்டும் என்ற அறிவு பரவியது.

அந்தப் போர்வைக்குத் தேர்ந்தெடுத்த கொடிகள் அவரை, பயறு இனத்தைச் சேர்ந்தவை. பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் என்பன பழைய மூன்று. ஏன் பயற்றினம்? அவற்றின் வேரில் சிறுசிறு முடிச்சுகள் இருக்கும். பிடுங்கிப் பார்த்தால் மணிமணியாகத் தெரியும். அந்த முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை எடுத்துச் செடிக்கு உணவாக்கிக் கொடுக்கும். இலை உதிர்ந்து மக்கும்போது அந்தச் சத்து மண்ணுக்கும், பின்பு ரப்பர் கன்றுக்கும் செம்பனைக்கும் போய்ச் சேரும். மழைத்துளி நேராக மண்ணில் அடிக்காது. வெயிலில் ஈரம் வற்றாது. லாலான் புல் தலைதூக்காது. பின்னாளில் வந்த முக்கூனா என்னும் கொடி இவற்றைவிட முரட்டுத்தனமாக வளர்வது. அதன் பிறப்பிடம் இந்தியாவின் வடகிழக்கு. கேரளத்து ரப்பர் தோட்டங்களில் பயன்பட்டு, அதன் பின்னரே நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் பரவியது. கொஞ்சம் கவனம் தவறினால் இளங்கன்றின் மேலேயே ஏறிக் கழுத்தை நெரித்துவிடும் என்பது கன்றைச் சுற்றிக் கொடி விலக்கும் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், 'கவர்' என்ற சொல்லின் உயிரே இங்கேதான் இருக்கிறது. மூடுவது வேறு, மூடிக் காப்பது வேறு. சட்டியை மூடினால் உள்ளிருப்பது தெரியாது, அவ்வளவே. கொடி மண்ணை மூடினால் மண் பிழைக்கிறது. ஆங்கிலேயர் இந்தக் 'காப்பு' என்ற கருத்தை எடுத்துக்கொண்டு சொல்லை எங்கெங்கோ கொண்டுபோயிருக்கிறார்கள்.

உடன் வேலை செய்பவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் அவருடைய நிரையை இன்னொருவர் வெட்டுகிறார். 'அவருக்குக் கவர் பண்ணுகிறேன்' என்கிறோம். குண்டு வரும்போது சிப்பாய் மரத்துக்குப் பின்னால் ஒளிகிறான், அதுவும் 'கவர்'. கையிலுள்ள பணம் செலவுக்குப் போதுமானால் பணம் செலவைக் 'கவர்' செய்கிறது. பத்து மைல் நடந்தால் பத்து மைலைக் 'கவர்' செய்தோம். ஆசிரியர் பாடத்தை நடத்தி முடிப்பதும், நிருபர் கூட்டத்துக்குப் போய்ச் செய்தி எழுதுவதும் அதே சொல்தான்.

வயதானவர்களுக்கு நினைவிருக்கும் ஒரு சொல், 'கர்ப்பியூ'. 1948இல் அவசரகாலம் பிறந்து 1960 வரை நீடித்ததே, அப்போது தோட்டங்களிலும் புதுக் கிராமங்களிலும் ஊரடங்கு. பின்னர் 1969 மே மாதத்திலும் ஊரடங்கு. அந்தக் 'கர்ப்பியூ'வுக்குள்ளும் இந்தக் 'கவர்' ஒளிந்திருக்கிறது! பழைய பிரெஞ்சு மொழியில் அதற்கு 'நெருப்பை மூடு' என்று பொருள். இரவில் மணி அடித்ததும் அடுப்பு நெருப்பைச் சாம்பலால் மூடிவிட்டு எல்லாரும் அடங்க வேண்டும் என்பது அந்தக் காலத்து ஐரோப்பிய ஊர்களின் கட்டளை. அதுபோலவே கைக்குட்டைக்கான ஆங்கிலச் சொல்லிலுள்ள 'கர்ச்சீப்' என்பதும் முதலில் தலையை மூடும் துணியைக் குறித்தது. பால் வெட்டப் போகும் நம் பெண்கள் தலையில் கட்டும் துணிதான் உண்மையான 'கர்ச்சீப்' என்றால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் சொல்லின் பிறப்பு.

ஒரு எச்சரிக்கை. 'ரிக்கவர்' என்ற சொல்லை, மறுபடியும் மூடுவது என்று பிள்ளைகள் பிரித்துப் பொருள் சொல்லிவிடுவார்கள். நோயிலிருந்து தேறுவது, இழந்ததைத் திரும்பப் பெறுவது என்ற பொருளில் வரும் அது வேறு வேரிலிருந்து வந்தது. மூடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்பொழுது அந்த அம்மையாரின் கடிதத்துக்குத் திரும்புவோம். இன்சூரன்ஸில் 'கவர்' என்றால் காப்பு, மலாயில் 'பெர்லின்டுங்கான்'. 'நாட் கவர்ட்' என்றால் அந்த இழப்பு நீங்கள் வாங்கிய காப்புக்குள் அடங்கவில்லை என்று அர்த்தம். அதாவது, கோரிக்கை மறுக்கப்பட்டுவிட்டது. அவர்கள் வாங்கியிருந்தது 'தர்ட் பார்ட்டி' எனும் மூன்றாம் தரப்புக் காப்பு. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி எந்த வண்டிக்கும் குறைந்தது அதுவாவது இருக்க வேண்டும். நம் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கே அது பொறுப்பேற்கும். நம் வண்டி நொறுங்கியதற்கு அதில் ஒரு காசும் கிடைக்காது. அதற்குக் 'காம்ப்ரிஹென்சிவ்' என்னும் முழுக் காப்பு வேண்டும். நடுவே தீயும் திருட்டும் சேர்ந்த ஒரு வகையும் உண்டு. 'கவர் நோட்' என்று ஒரு தாள் தருகிறார்களே, அதிலேயே எந்த வகை என்று போட்டிருக்கும்.

ஆக, நிறுவனத்தின் பதில் சட்டப்படி சரி. ஆனால் எனக்கு மனம் பதைத்தது வேறொன்றுக்காக. அவர் வேலைக்குப் போகும் வழியில் அல்லவா விழுந்தார்? "சொக்சோவுக்கு மனு கொடுத்தீர்களா?" என்று கேட்டேன். "இந்தக் கேஸ் முடியட்டும் என்று இருந்தோம்" என்றார்கள். கிடைக்காத ஒன்றுக்காகக் காத்திருந்து, கிடைக்கக்கூடிய ஒன்றைக் கேட்காமலே இருந்துவிட்டார்கள்!

சொக்சோ என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்து 1971 முதல் நடந்து வருவது. வேலை செய்யும்போது நேரும் விபத்து மட்டுமல்ல. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழி, வேலையிலிருந்து திரும்பும் வழி, சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடப் போய்வரும் வழி இவையும் அந்தச் சட்டத்தின் வேலை விபத்துத் திட்டத்தில் அடங்கும். வழியில் வேறு காரியமாகத் திரும்பிப் போயிருந்தால் அந்தத் திட்டத்தில் சிக்கல் வரும். விபத்தைப் பற்றித் தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். ஆகவே முதலில் கிராணியிடமோ அலுவலகத்திலோ சொல்லிவிடுங்கள். வேலைக்குப் போக முடியாமல் மருத்துவர் கொடுத்த விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளரும் சொக்சோவின் காப்புக்குள் வந்துவிட்டார்கள். அடுத்த வீட்டு வங்காளதேசத்துத் தம்பிக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இங்கே இன்னொரு சிறு சொல் பெரிய வேலை செய்யும். விபத்து 'கவர்ட்' என்றால் உங்களுக்குக் காப்பு உண்டு. விபத்து 'கவர்ட் அப்' என்றால் யாரோ உண்மையை அமுக்கிவிட்டார்கள். இரண்டெழுத்துதான் வித்தியாசம்!

அடுத்த தடவை வண்டிக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போது, "எது கவர்?" என்று மட்டும் கேட்காதீர்கள், விற்பவர் நல்ல நல்லதாகச் சொல்லிக்கொண்டே போவார். "எது கவர் இல்லை?" என்று கேளுங்கள். லைசென்ஸ் இல்லாத தம்பி ஓட்டினால்? பின்னால் மனைவி உட்கார்ந்து வந்தால்? வெள்ளத்தில் வண்டி மூழ்கினால்? தமிழிலோ மலாயிலோ கேட்டுப் பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அம்மையார் மறுநாளே தோட்டத்து அலுவலகத்துக்குப் போனார். கிராணி நல்லவர், ஆஸ்பத்திரிச் சீட்டுகளையெல்லாம் சேர்த்து மனுவை எழுதிக் கொடுத்தார். தாமதமானதற்குக் காரணம் கேட்டார்களாம். பையனே, தான் அகராதி பார்த்த கதையைச் சொல்லியிருக்கிறான். பணம் வந்து சேர்ந்ததாகப் பிறகு எனக்குக் கடிதம் வந்தது. உறையின் மேல் முகவரி பையனின் கையெழுத்தில்.