ஒட்டுப்போட்ட மொறிஸ் மைனர்

யாழ்ப்பாணத்து வீதிகளிலே ஒஸ்ரின், மொறிஸ் மைனர் வண்டிகள் வாடகைக்கு ஓடியமை அன்பர்கள் அறிந்ததே. 1990இன் பின் வடக்கிற்குப் பெற்றோல் தடுக்கப்பட்ட காலை, சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயால் அவற்றை ஓட்டினர். அழுத்தங் குறைந்த பழைய எஞ்சினாதலின் அது கைகூடிற்று. புகையின் நாற்றமோ சொல்லுந்தரமன்று! நோயாளியும் மணமகளும் அவ்வண்டியிலேயே சென்றனர்.

2009இல் போர் முடிந்தபின் தென்னிலங்கையிலிருந்து பழைய வண்டி சேகரிப்போர் அவற்றை நாடி வந்தனர். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்படவே விலை பின்னும் ஏறிற்று.

வாங்குதலினும் புதுக்குதலே பெருஞ்செலவு. மொறிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை; உடலின் தகடே பாரந் தாங்குவது. அடித்தகடு துருவேறின் அதனை வெட்டி நீக்கிப் புதுத்தகடு பற்றவைத்தல் வேண்டும். முழுவதுங் கைவேலை, கூலியோ நாட்கணக்கு. வாடகைக்கு ஓட்டியவர் ஓட்டை விழுந்தவிடத்துத் தகரத்துண்டு வைத்து ஒட்டி, மறுநாளே ஓடினார். வாங்கியவரோ, தொழிற்சாலையினின்று வெளிவந்த நாளில் இருந்தவாறே அதனைக் காண விழைகின்றார்.

அவ்வொட்டுக்களன்றோ அவ்வண்டியின் சரித்திரம்? அவற்றைப் பெயர்த்தெடுப்பதற்கும் கூலி கொடுக்கின்றனர்.