குடலை இட்லியும் ஓட்டைக் காலணாவும்

போன கிறிஸ்துமஸ் சமயம் அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கும் என் நாத்தனார் மகள் போன் செய்தாள். "அத்தை, பக்கத்து வீட்டம்மா ஹோண்டுராஸ்காரங்க. வாழை இலையில கட்டி வேக வெச்ச பொட்டலம் ஒண்ணு கொடுத்தாங்க. பிரிச்சதும் ஆயா செய்யற குடலை இட்லி ஞாபகம் வந்து அழுகையே வந்துடுச்சு" என்றாள்.

அந்தப் பொட்டலத்துக்குத் தமால் என்று பெயராம். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேக வைத்து, ஊறவிட்டு, நன்றாகக் கழுவி அரைத்து, கொழுப்பு சேர்த்துப் பிசைந்து, நடுவில் கறியோ பயறோ வைத்து இலையில் மடித்து ஆவியில் வைக்கிறார்கள். சுண்ணாம்பு எதற்கு என்று எனக்கும் தோன்றியது. மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற வைட்டமின் சுண்ணாம்பு சேர்ந்தால்தான் உடம்புக்குச் சேருமாம். அது தெரியாமல் வெறும் சோளத்தையே தின்ற ஊர்களில் பெல்லாக்ரா என்ற தோல் நோய் வந்திருக்கிறது. அந்த ஊர்ப் பாட்டிமார் வைட்டமின் என்ற வார்த்தையே இல்லாத காலத்தில் இதைச் செய்திருக்கிறார்கள், பாருங்கள்!

அது இருக்கட்டும். ஆயா என்று அவள் சொன்னது என் மாமியாரை. அவர் குடலை இட்லி செய்வதை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஆடி மாதம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. அளவெல்லாம் அவர் கையில்தான் இருந்தது. நான் ஒரு நாளும் கேட்டு எழுதி வைக்கவில்லை. பக்கத்தில் நின்று இலை துடைத்துக் கொடுத்ததோடு சரி.

வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் எட்டும் தூரம்தான். சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவிலில் இந்த இட்லிதான் பிரசாதம். பூக்குடலை போல நீளமான மூங்கில் கூடையில் மந்தாரை இலையைப் பரப்பி, மாவை ஊற்றி மணிக்கணக்கில் வேக வைப்பார்கள். எங்கள் வீட்டில் புரட்டாசி சனிக்கிழமைக்கு மாமியார் செய்வார். அந்த வருஷம் புரட்டாசி வந்ததும், "நான் செய்யறேன்" என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஓரகத்தி குடும்பமும் வந்திருந்தது. ஒரு மணி நேரத்தில் இறக்கிவிட்டேன். மேலே தொட்டால் பஞ்சு மாதிரி இருந்தது. வெட்டினால் நடுவிலிருந்து பச்சை மாவு ஒழுகியது! அண்டாவிலும் தண்ணீர் தீர்ந்து அடி கருகி, வீடெல்லாம் தீய்ந்த வாடை. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் ஓட்டலுக்குக் கிளம்பினார். அதுதான் அதிகமாக வலித்தது. மாமியார் கட்டிலில் இருந்தபடி என்னையே பார்த்துக் கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை அவரை நாற்காலியில் உட்கார வைத்து அடுப்படி வாசலுக்கே கொண்டுவந்துவிட்டேன். அண்டாவில் தண்ணீர் ஊற்றும்போது இடது கையால் நாற்காலிக் கையைத் தட்டினார். தண்ணீரா? இல்லை. இலையா? இல்லை. மறுபடியும் தட்டி, சாமி மாடத்தைக் காட்டினார். அங்கே மஞ்சள் டப்பாவில் இருந்தது பழைய ஓட்டைக் காலணா ஒன்று. அப்போதுதான் உறைத்தது. அதை அண்டாவின் அடியில் போட்டுவிட்டால், தண்ணீர் கொதிக்கும் வரை கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். சத்தம் ஓய்ந்தால் தண்ணீர் ஓய்ந்தது என்று அர்த்தம். இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டும் எதற்கென்று யோசித்ததில்லை நான்.

இனி அளவு. பச்சரிசி ஒரு ஆழாக்கு, புழுங்கலரிசி ஒரு ஆழாக்கு, உளுந்து ஒரு ஆழாக்கு. நாலு மணி நேரம் ஊறவைத்து, அரிசியை ரவை போலக் கொரகொரப்பாகவும் உளுந்தைப் பொங்கப் பொங்கவும் அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து இரவு முழுதும் புளிக்க விடுங்கள். காலையில் புளித்த தயிர் இரண்டு கரண்டி, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகும் சீரகமும் ஒவ்வொரு ஸ்பூன், சுக்குப்பொடி அரை ஸ்பூன், பெருங்காயம், கறிவேப்பிலை சேருங்கள். நெய்யும் நல்லெண்ணெயும் இரண்டிரண்டு மேஜைக்கரண்டி சூடாக்கி ஊற்றுங்கள். மிளகாய் வேண்டாம்.

காய்ந்த மந்தாரை இலையை வெந்நீரில் நனைத்துக்கொள்ளாவிட்டால் மடிக்கும்போது ஒடியும். மாவு உப்பும், ஆகவே கூடையில் முக்கால் அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். குடலை என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் டம்ளரில் எண்ணெய் தடவி, வாட்டிய வாழை இலையைச் சுற்றி வைத்து அரை மணி நேரம் வேக வைக்கலாம். நானும் அவசரத்துக்கு அப்படித்தான். ஆனால் மந்தாரை வாசனை வராது, சொல்லிவிட்டேன். எதுவானாலும் நடுவில் ஈர்க்குச்சியைக் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வரவேண்டும். மேலே தொட்டுப் பார்த்து ஏமாந்தவள் சொல்கிறேன்.

மாமியாருக்கு மட்டும் தனி டம்ளர். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும், புரையேறினால் ஆபத்து. டாக்டர் மிருதுவான உணவு தரலாம் என்று சொன்ன பிறகுதான் கொடுத்தேன். மிளகை மாவாகப் பொடித்து, உப்பைக் குறைத்து, வெந்ததைக் கெட்டித் தயிரில் மசித்து, நிமிர்த்தி உட்கார வைத்துச் சின்னச் சின்ன வாயாக ஊட்டினேன்.

தமாலையும் விடவில்லை. கடையில் விற்கும் வெள்ளைச் சோள மாவு வெறும் ஸ்டார்ச், அதில் வராது. இளம் மக்காச்சோளத்தை உதிர்த்து அரைத்து, கொஞ்சம் வெண்ணெய், உப்பு, சர்க்கரை சேர்த்து, அதன் பச்சை மட்டையிலேயே மடித்துக் கட்டி முக்கால் மணி நேரம் ஆவியில் வைத்தேன். அந்த ஊர்களிலும் இளஞ்சோளத்தில் இப்படிச் செய்வது உண்டாம். பிள்ளைகள் சண்டை போட்டுத் தின்றார்கள். மாமியார் ஒரு வாய் வாங்கிவிட்டு முகத்தைச் சுளித்தார். இனிப்பு அவருக்கு ஆகாது.

இந்தப் புரட்டாசியில் இரண்டாவது சனிக்கிழமை, நான் கொல்லையில் துணி உலர்த்திக் கொண்டிருந்தேன். உள்ளே நாற்காலியைத் தட்டும் சத்தம். ஓடிவந்து பார்த்தால் அண்டாவில் காசு ஆட்டம் நின்றிருந்தது. "தண்ணி" என்றார் மாமியார், தெளிவாக. ஒரு செம்பு வெந்நீரைப் பக்கவாட்டில் ஊற்றினேன்.