மண்ணின் பசையை நீக்குவது எப்படி?

நீலகிரியின் உயர்ந்த புல்வெளிகளில் ஒரு பிடி மேல்மண்ணை எடுத்துப் பாருங்கள். கருநிறமாக, பொலபொலவென்று குருணைகளாய் உதிரும். இக்குருணைகள் எல்லாம் மணல்தாமா? அல்ல. இவற்றுள் பல, நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருவானவை. இலையும் வேரும் மட்கி உண்டாகும் கரிமப் பொருளே இங்குப் பசை. வெப்ப மண்டல மண்ணில் மிகுந்துள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அப்பசையை மேலும் இறுக்குகின்றன.

துகள்களின் அளவை அறிய, மண்ணை நீரில் கலக்கிப் படியவிடுகிறோம். ஒரு துகள் விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். இது ஸ்டோக்ஸ் விதி. 20° செ. வெப்பநிலையில், 0.02 மி.மீ. விட்டமுள்ள துகள் 10 செ.மீ. இறங்க ஏறத்தாழ 5 நிமிடம் போதும், 0.002 மி.மீ. துகளுக்கோ ஏறத்தாழ 8 மணி நேரம் வேண்டும். பசை நீங்காவிட்டால் களிமண் துகள்கள் கூட்டமாக விரைந்து விழும். களிமண் நிலம் மணற்பாங்கானது என்று பதிவாகிவிடும்; அதை நம்பிச் செய்யும் பாசனக் கணக்கும் தவறிப்போகும்.

கரிமப் பொருளை எரித்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சுமார் 300° செ. வெப்பத்திலேயே ஜிப்சைட் என்னும் அலுமினியக் கனிமம் தன் நீரை இழந்து சிதையும். அளக்க வேண்டிய பொருளே மாறிவிடும் அன்றோ? ஆகவே வேதிமுறையை நாடுகிறோம்.

1922-இல் ஜி. டபிள்யூ. ராபின்சன் இதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். ஈர மண்ணில் இதனைச் சிறிது சிறிதாக ஊற்றிச் சூடாக்கினால், கரிமப் பொருள் ஆக்சிகரணம் அடைந்து, பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். மண் நுரைத்துப் பொங்கும்.

ஆனால் நுரையை மட்டும் நம்பலாகாது. மண்ணில் மாங்கனீசு டை ஆக்சைடு இருந்தால், அது பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைத்து வீணாக்கும். கரிமப் பொருள் இல்லாமலே நுரை எழும். மாறாக, நுரை அடங்கிய பின்னும் இரும்பு ஆக்சைடு பற்றிக்கொண்ட கரிமப் பொருள் எஞ்சி நிற்கலாம். மேலும், இவ்வினையில் தோன்றும் ஆக்சாலிக் அமிலம் ஆக்சைடுகளில் ஒரு பகுதியைக் கரைத்துவிடும்.

இக்குறைகளைத் தவிர்க்க, சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலைக் காரநிலையில் பயன்படுத்துவதும் உண்டு. இதுவும் கரிமப் பொருள் முழுவதையும் நீக்குவதில்லை. எனவே, சுத்திகரிப்புக்கு முன்னும் பின்னும் மண்ணிலுள்ள கார்பனை அளந்து பார்ப்பதே முறை. இரண்டு மண்களின் பகுப்பாய்வு முடிவுகளை ஒப்பிடும்போது, இரண்டும் ஒரே முறையில் சுத்திகரிக்கப்பட்டனவா என்பதை முதலில் கேளுங்கள்.