பழங்காசுகளில் அச்சுப் பிழையும் பிற்காலச் சிதைவும்

முன்னுரை

ஏட்டுச் சுவடியைப் பதிப்பிக்க முனைவோர், படியெடுத்தவர் செய்த பிழையையும் செல்லரித்ததால் நேர்ந்த இழப்பையும் ஒன்றாகக் கொள்வதில்லை. முன்னது பாடத்தின் வரலாற்றுக்கும் பின்னது ஏட்டின் வரலாற்றுக்கும் உரியன. பழங்காசுகளை ஆராய்வோர்க்கும் இவ்வேறுபாடு இன்றியமையாதது. அக்கசாலையில் காசு உருவாகும்போதே நேர்ந்த குறை அச்சுப் பிழை எனப்படும்; அங்கிருந்து வெளிவந்த பின் நேர்ந்தது சிதைவாகும்.

பாசிர் கூடாங்கில் ஒரு குடும்பத்தார் பேணிவரும் காசொன்றைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அது விக்டோரியா அரசியார் காலத்து நீரிணைக் குடியேற்ற ஒரு சென் காசு. அதன் மதிப்புப் பொறித்த பக்கத்தில் அரசியாரின் தலையுருவம் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதிந்திருந்தது. அதனைக் கிடைத்தற்கரிய அச்சுப் பிழை என்றே அவர்கள் நம்பியிருந்தனர்.

வேறுபடுத்தும் முறை

பொறிக் காசு, இரண்டு அச்சுகளுக்கிடையே வெற்றுத் தகட்டை வைத்து அழுத்துவதால் உருவாகிறது. முன் அடித்த காசு ஓர் அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த தகட்டில் அவ்வச்சின் உருவம் பதியாது. ஒட்டிய காசின் உருவமே இடவலம் மாறிப் பள்ளமாகப் பதியும். நாம் கண்ட காசிலோ, அப்பள்ளத்தின் அடியில் மதிப்பும் ஆண்டும் நசுங்கிய நிலையில் எஞ்சியிருந்தன. மறுபக்கத்துத் தலையுருவமும் தட்டையாகியிருந்தது. ஆதலின், முழுமையாக அடிக்கப்பட்ட காசின்மீது மற்றொரு காசை வைத்துப் பிற்காலத்தில் யாரோ நெருக்கியுள்ளனர் என்பது தெளிவு. எது எதன் மேல் அமைந்துள்ளது என்பதே இங்கு முதன்மையான வினா.

ஏனைய குறைகளையும் இவ்வாறே ஆராயலாம். அச்சில் விரிசல் விழுந்தால் உலோகம் அதனுள் பாய்ந்து, காசில் மேடான கோடாகத் தோன்றும். கீறலோ பள்ளமாக இருக்கும். தகடு வெட்டும்போதே ஓரம் குறைந்த காசில், அக்குறைக்கு நேரெதிரான விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். அரத்தால் தேய்த்த காசில் எதிர்விளிம்பு செவ்வனே இருக்கும். எழுத்துகள் மட்டும் திடீரென அறுபட்டிருக்கும். இரண்டிலும் எடை குறையுமாதலால், எடையை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் பொருந்தாது.

கையால் அடித்த காசுகள்

இவ்வளவைகளைச் சோழர் காசுகளுக்கு அப்படியே பொருத்துதல் தவறாகும். நிற்கும் உருவமும் அமர்ந்த உருவமும் கொண்ட இராசராசன் பெயர் பொறித்த செப்புக் காசுகள் தமிழகத்திலும் இலங்கையிலும் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவை சுத்தியலால் அடிக்கப்பட்டவை. உருவம் நடுவிலிருந்து விலகியிருத்தல் அவற்றில் இயல்பே. அதனை அரிய பிழை எனல் இயலாது. ஒரே உருவம் சற்று விலகி இருமுறை பதிந்திருப்பின், அதனை இரட்டை அடிப்பு எனக் கொள்ளலாம்.

சிதைவும் சான்றே

சிதைந்த காசு பயனற்றது என்பது இதன் பொருளன்று. புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளிவெட்டு காணப்படுகிறது. அது உரோமானிய அக்கசாலையின் பிழையன்று. வேண்டுமென்றே பின்னர்ச் செய்த செயல். அவை நாணயமாக மீண்டும் வழங்காதிருக்க வெட்டப்பட்டன என்பர் ஒருசாரார். பொன்னின் தரத்தை அறிய வெட்டப்பட்டன என்பர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும், அவ்வெட்டே வரலாற்றுச் சான்றாகிறது. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த பவுன் காசும் இத்தகையதே. சேகரிப்போர்க்கு அது பழுது. மகளிரின் அணிகலன் மரபை ஆராய்வோர்க்கோ அது ஆவணம்.

முடிவுரை

அச்சுப் பிழை அக்கசாலையின் தொழில்முறையை உணர்த்துகிறது. சிதைவு காசைக் கையாண்ட மக்களின் வாழ்வை உணர்த்துகிறது. இரண்டையும் மயங்கக் கொண்டால் இரு வரலாறுகளும் பிழைபடும். காசுகளை வகுப்பறைக்குக் கொணரும் ஆசிரியர்கள் அவற்றைப் புளியிட்டுத் துலக்குதல் கூடாது. துலக்குவதும் ஒரு சிதைவே. பாசிர் கூடாங் குடும்பத்தாரிடம் நம் முடிவைக் கூறியபோது, அவர்கள் முதலில் வருந்தினர். பின்னர், அக்காசை நெருக்கிய கை தம் முன்னோருள் யாருடையதாக இருக்கும் என வினவத் தொடங்கினர். ஆய்வுக்குரிய வினா அதுவே.