ஆபாசப் படம் நோயா? வெளியே கேட்க முடியாத கேள்விகள்

"உடம்பு அசதியா இருக்கு டாக்டர். முதுகு வலி. தூக்கம் வரமாட்டேங்குது." கெடாவில், பீடோங்கிலோ பாடாங் செராயிலோ ஒரு கிளினிக்கில் இருபது வயதுப் பையன் இப்படிச் சொல்லி, வைட்டமின் மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுவான். உள்ளே அவனை அரிப்பது வேறு. ராத்திரியில் படம் பார்க்கிறேன், கைப்பழக்கம் இருக்கிறது, நரம்பெல்லாம் போய்விட்டதோ, கல்யாணத்துக்கு லாயக்கில்லாமல் ஆகிவிட்டேனோ என்ற பயம் அது. அம்மாவிடம் சொல்ல முடியாது. கோயிலில் இதைப் பேச மாட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் கூட்டாளிகளும் லேகியம் விற்பவரும்தான்.

இந்தப் பயத்தில் ஒரு பகுதி வீண். இன்னொரு பகுதியில் உண்மை இருக்கிறது. பிரித்துச் சொல்ல ஆளில்லாததால், பயப்படத் தேவையில்லாதவன் தூக்கத்தைத் தொலைக்கிறான்; உதவி தேவைப்படுபவன் வயசுக் கோளாறு என்று விட்டுவிடுகிறான்.

விந்து போனால் நரம்பு போகுமா?

போகாது. இத்தனை சொட்டு இரத்தம் சேர்ந்தால்தான் ஒரு சொட்டு விந்து என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். உடம்பில் அப்படி ஒரு கணக்கே இல்லை. ஒரு முறை வெளியேறுவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி அளவுக்குள் அடங்கிவிடும். அதில் பெரும்பங்கு விந்துப் பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர். உயிரணுக்கள் நாள்தோறும் புதிதாக உண்டாகின்றன. வெளியேறாதவற்றை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். தூக்கத்தில் தானாக வெளியேறுவதும் பருவ வயதில் இயல்பானது. அதற்கு மருந்து எதுவும் தேவையில்லை.

இந்தப் பயத்தை ஒரு மனநலச் சிக்கலாக 1960-லேயே அடையாளம் கண்டு, 'தாது' என்ற சொல்லை வைத்தே அதற்குப் பெயரிட்டவர் இந்திய மனநல மருத்துவர் என்.என். விக். அசதி, படபடப்பு, பசியின்மை எல்லாம் நிஜமாகவே வரும். விந்து போனதால் அல்ல, போய்விட்டதே என்ற கவலையால் வரும். நம் முன்னோர் கப்பலேறி கெடா ரப்பர் தோட்டங்களுக்கு வந்தபோது இந்த நம்பிக்கையும் கூடவே வந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல லயங்கள் இடிந்து தாமான் வீடுகள் எழும்பின. நம்பிக்கை மட்டும் அழியாமல் இன்று கைப்பேசியில் காணொளியாக வந்து பையன்களை மிரட்டுகிறது.

படம் அடிமையாக்குமா?

மருத்துவ உலகம் இதற்கு ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாடு 2019-இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டுக்கடங்காத பாலியல் நடத்தை அதில் ஒரு கோளாறாக இடம்பெற்றிருக்கிறது. ஆனால் சூதாட்டத்தையும் கணினி விளையாட்டையும் அடிமைப் பழக்கங்களின் கீழ் வைத்தவர்கள், இதை அங்கே வைக்கவில்லை; உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளோடு சேர்த்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமோ 2013-இல் தன் கையேட்டைப் புதுப்பித்தபோது இதைச் சேர்க்கவே இல்லை.

2014-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வலேரி வூன் தலைமையிலான குழு, இந்தச் சிக்கல் உள்ள 19 ஆண்களின் மூளையை ஸ்கேன் செய்தது. போதைப்பொருள் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தப் பொருளைக் காட்டும்போது எந்தப் பகுதிகள் கிளர்ந்தெழுமோ, அதே பகுதிகள் இவர்களுக்குப் படத்தைக் காட்டும்போது கிளர்ந்தன. இதை வைத்து "கஞ்சா மாதிரியேதான்" என்று பேசிவிடுகிறார்கள். 19 பேரை வைத்து அவ்வளவு தூரம் போக முடியாது. அந்த ஆய்வாளர்களே அப்படி முடிவு கட்டவில்லை.

பெயரை மருத்துவர்கள் விவாதித்துக்கொள்ளட்டும். கவனிக்க வேண்டிய அடையாளம் தெளிவாகவே இருக்கிறது. நிறுத்த வேண்டும் என்று பலமுறை முயன்றும் முடியவில்லை, ஆறு மாதமோ அதற்கு மேலோ இப்படியே போகிறது, உடம்பையும் வேலையையும் குடும்பத்தையும் கவனிக்காமல் இதிலேயே கிடக்கிறோம், அதில் சுகம்கூட இல்லை, ஆனாலும் விட முடியவில்லை என்றால் அது நோய்தான். கூலிம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து வந்தவன், தூங்க வேண்டிய பகலெல்லாம் திரையோடு கிடந்துவிட்டு, கண் எரிச்சலோடு மறுபடி மோட்டார் சைக்கிள் ஏறுகிறான் என்றால், எத்தனை நிமிடம் பார்த்தான் என்ற கணக்கு முக்கியமில்லை. வாழ்க்கை அவன் கையை விட்டுப் போகிறதா என்பதுதான் கேள்வி.

குற்ற உணர்வு மட்டும் நோயாகாது

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 'இது பாவம், தப்பு' என்ற வேதனை மட்டுமே இருந்தால் அதை இந்தக் கோளாறாகக் கொள்ளக் கூடாது என்று அதே வகைப்பாடு சொல்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜோஷுவா கிரப்ஸ் செய்த ஆய்வுகளும் இதையொட்டியே பேசுகின்றன: பார்ப்பதைப் பெரும் பாவமாக நினைப்பவர்கள், குறைவாகப் பார்த்தாலும் தங்களை அடிமை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். மாதத்தில் ஓரிரு முறை பார்த்துவிட்டு, சாமி கும்பிடக்கூடத் தகுதியில்லை என்று அழுகிற பிள்ளைக்குத் தேவை ஆறுதலாகப் பேச ஒரு பெரியவர். பெண்பிள்ளைகளும் இதில் அடக்கம். அவர்கள் பேசவே வாய்ப்பில்லாததால் அந்தச் சுமை இன்னும் கூடுதல்.

படமா, இனிப்புநீரா?

நாற்பதைத் தாண்டிய ஆண் விறைப்பு குறையும்போது, சின்ன வயதில் செய்ததற்கு இப்போது அனுபவிக்கிறேன் என்று நினைக்கிறார். படம் பார்ப்பதால் விறைப்பு குறைகிறதா என்ற கேள்விக்கு ஆய்வுகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. இனிப்புநீர் அதைக் குறைக்கும் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. சர்க்கரை ஏறிய இரத்தம் நுண்ணிய குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது.

மலேசியாவின் 2019 தேசிய உடல்நல ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! இரத்த அழுத்தத்தையும் சிகரெட்டையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். விறைப்புக் குறைவு, நெஞ்சு வலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இதயம் தரும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். பழைய பழக்கத்தை நினைத்து வெட்கப்பட்டு வீட்டிலேயே இருப்பவர் அந்த எச்சரிக்கையைத் தவறவிடுகிறார். எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

காலையில் எழும்போது விறைப்பு இருந்து, மனைவியோடு இருக்கும்போது மட்டும் இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் மனம். எப்போதுமே இல்லையென்றால் இரத்தப் பரிசோதனை அவசியம்.

இரவுச் சந்தைக் காப்பி வேண்டாம்

வெட்கப்படுகிறவர்களை நம்பித்தான் 'ஆண்களுக்கான காப்பி'யும் பெயர் தெரியாத லேகியமும் விற்பனையாகின்றன. இயற்கை மூலிகை என்று விற்ற பல பொருள்களில் சில்டெனாபில், தடாலாபில் போன்ற விறைப்புக்கான ஆங்கில மருந்துகள் ரகசியமாகக் கலந்திருந்ததை மலேசியச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்துத் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இதைக் குடித்தால் இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து உயிரே போகலாம். பதிவு பெற்ற மருந்துக்கு 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண் பெட்டியில் இருக்கும்.

பிள்ளையின் கைப்பேசியில் கண்டுவிட்டால்

அடிக்காதீர்கள், சொந்தக்காரர் முன்னால் மானத்தை வாங்காதீர்கள். அடிபட்ட பிள்ளை அடுத்த முறை நன்றாக ஒளித்து வைக்கும், அவ்வளவுதான். படத்தில் வருவது நடிப்பு, நிஜ உறவில் இரண்டு பேரின் சம்மதமும் மரியாதையும் வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பார்ப்பதும் 2017-ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரியது. வாட்ஸ்அப் குழுவில் வந்த பள்ளி மாணவியின் படத்தைச் சும்மா அடுத்தவருக்கு அனுப்பியவரும் இதிலிருந்து தப்ப முடியாது.

எங்கே போவது?

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணம். சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை அங்கேயே நடக்கும். தேவைப்பட்டால் சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்கோ அலோர்ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனைக்கோ கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். கட்டுப்பாட்டை இழந்தவர்களுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. எந்த நேரத்தில், எந்த மனநிலையில் கை கைப்பேசியைத் தேடுகிறது என்று கண்டுபிடிப்பது அதன் முதல் வேலை. பலருக்கு அது தனிமை, சண்டை, தூக்கமின்மை. அடியில் மனச்சோர்வு இருந்தால் அதற்கும் மருந்து கிடைக்கும். இதற்கிடையே, படுக்கும்போது கைப்பேசியை வேறு அறையில் வைத்துப் பாருங்கள்.

நேரில் போகத் தயங்கினால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் பேசலாம். மருத்துவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், "டாக்டர், சாயா அடா மாசாலா கெலாமின்" என்று ஒரு வரி மலாயில் சொன்னால் போதும். மற்றதை அவரே கேட்பார்.