பாலாற்றுப் பிரதேசத்தில் கோடைப் பருவமும் உப்புக் கிணறுகளும்

மாசி கழிந்து பங்குனி பிறந்ததும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து விவசாயிகள் வானத்தை ஒருமுறையும் கிணற்றை ஒருமுறையும் பார்ப்பது வழக்கம். வேறு ஜில்லாக்களில் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்தாற் போதும். தோல் பதனிடும் தொழில் பரவியுள்ள இப்பிரதேசத்திலோ, அத்தண்ணீர் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகையால் கோடைப் பருவத்தின் போக்கை முன்கூட்டியே அறிந்து நடப்பது இங்கே நிலத்தின் ஆயுளையே பொறுத்த விஷயமாகும்.

பருவத்தின் இயல்பு

முன்னாள் வட ஆர்க்காடு ஜில்லாவின் பகுதியாக இருந்து, 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று ஜில்லாக்களாகப் பிரிந்த இப்பிரதேசம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளையும் பெறுகிறது. இவற்றிற்கு முற்பட்ட மார்ச்சு முதல் மே முடியவுள்ள மூன்று மாதங்களே கோடைப் பருவம். சென்னைக் கரையில் நண்பகலுக்குள் கடற்காற்று வீசி உஷ்ணத்தைத் தணிக்கும். வேலூரோ கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருப்பதால், அக்காற்று மாலையில் தாமதித்தே வரும். சில நாட்களில் வருவதேயில்லை. பகலில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றும், சுற்றியுள்ள பாறைக் குன்றுகளின் வெப்பமும் சேர்ந்து சித்திரையில் உஷ்ணத்தை 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றிவிடுகின்றன. மே 4-ஆம் தேதியையொட்டித் தொடங்கி மே 28 வரையில் நீடிக்கும் கத்திரி வெயிலே இதன் உச்சம்.

மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றும் மாலையில் எதிர்ப்படும்போது இடி மேகங்கள் எழுகின்றன. கோடை மழை இவ்வாறே பெய்கிறது. இது ஊர்தோறும் சமமாகப் பெய்வதன்று. ஒரு கிராமத்தில் ஏரிக்கால் ஓட, அடுத்த கிராமத்தில் புழுதியே எஞ்சும். ஆகையால் ஜில்லாவின் சராசரிக் கணக்கை நம்பித் தன் வயலுக்குத் திட்டம் போடுவது தவறு.

முன்னறிவிப்பை எவ்வாறு கொள்வது

இந்திய வானிலை இலாகா பிப்ரவரி இறுதியில் மார்ச்சு முதல் மே வரையிலும், மார்ச்சு இறுதியில் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும் பருவ முன்னோட்டம் வெளியிடுகிறது. உஷ்ணமோ மழையோ வழக்கத்தைவிட மிகுவதற்கும் குறைவதற்கும் எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே அது கூறும். நாளையும் ஊரையும் குறிப்பிடாது. பசிபிக் கடலின் எல் நினோ, லா நினா நிலைகளைக் கொண்டு வடகிழக்குப் பருவத்தைக் கணிப்பதிலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். லா நினா ஆண்டுகளில் அம்மழை குறைவது பெரும்பாலான அநுபவம்; 2016-இல் தமிழ்நாட்டில் அது 62 சதவீதம் குறைந்தது. எனினும் 2021-ஆம் ஆண்டும் லா நினா ஆண்டே. அவ்வாண்டு நவம்பரில் பாலாறு இருகரையும் புரண்டோடியது. 1903 நவம்பரில் வாணியம்பாடியை அழித்த வெள்ளத்தை முதியோர் நினைவுகூரும்படி ஆயிற்று.

ஆகையால் பருவ முன்னோட்டத்தைப் பயிர்த் தேர்வுக்கும், ஐந்து நாள் முன்னறிவிப்பை நீர்ப்பாய்ச்சுதல், அறுவடை முதலிய வேலைகளுக்கும் பயன்படுத்துவதே முறை. செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களிலும் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கையை 'மேகதூத்' செயலியில் காணலாம்; விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டறியலாம்.

உப்பும் உஷ்ணமும்

பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிடப்படுகிறது. பதனிடுமுன் அதனைக் கழுவும் நீரில் அவ்வுப்பு கரைந்துவிடுகிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாக, வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி அளித்த தீர்ப்பில் கண்டிருக்கிறது. தோல் தொழிற் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 86,000 ஏக்கர் நிலம், முழுவதுமோ ஓரளவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததென்ற வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வையும் அத்தீர்ப்பு எடுத்துக் காட்டியது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கட்டுப்பாடுகளும் பெருகியுள்ளன. ஆயினும் மண்ணிலும் ஊற்றிலும் முன்பே இறங்கிய உப்பு எளிதில் நீங்குவதில்லை. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இவ்விஷயத்தில் மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது.

கோடையில் இத்தீங்கு இருவிதமாக மிகுகிறது. நீர்மட்டம் தாழத் தாழ, மிஞ்சிய நீரில் உப்பு செறிகிறது. மேலும், வெயிலில் மண்ணின் ஈரம் ஆவியாகும்போது, கீழுள்ள உப்பு நுண்துளைகளின் வழியே மேலேறிப் பொருக்காகப் படிகிறது. ஒரு லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள கிணற்று நீரை ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் பாய்ச்சினால், அப்பாய்ச்சல் ஒன்றிலேயே சுமார் 400 கிலோ உப்பு வயலில் சேரும். ஐந்து பாய்ச்சலில் அது இரண்டு டன் ஆகிறது. விதைப்பதற்கு முன் ஒவ்வொரு நிலச்சுவான்தாரும் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம்.

கோடை மழையைப் பயன்படுத்தும் விதம்

25 மில்லிமீட்டர் மழை ஒரு ஏக்கரில் ஒரு லட்சம் லிட்டர் நல்ல நீரைத் தருகிறது. ஆயினும் உவர் நிலத்தில் சிறு தூறல் நன்மை செய்வதில்லை. மேற்பொருக்கிலுள்ள உப்பைக் கரைத்து வேருக்கருகில் இறக்கிவிடுவதால், முன்னாள் செழித்திருந்த பயிர் மறுநாள் வாடுவதுண்டு. தூறலைக் கண்டவுடன் அந்நிலத்தில் விதைக்கலாகாது. நல்ல நீர் கிடைக்குமாயின், தூறல் விழுந்ததும் ஒரு பாய்ச்சல் கொடுத்து உப்பைக் கீழே தள்ள வேண்டும். கனமழை பெய்யுமிடத்து, வரப்பை உயர்த்தி நீரைத் தேக்கி நிலத்தினுள் இறங்கச் செய்வது சிறந்தது. வடிகால் இல்லாத தாழ்ந்த நிலத்தில் முதலில் வடிகால் அமைத்தல் வேண்டும்.

"சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்பது பழமொழி. சரிவுக்குக் குறுக்கே உழுத நிலம் மழையை உட்கொள்வதுடன், உப்பு மேலேறும் நுண்துளைகளும் அறுபடுகின்றன. தென்னந் தோப்பில் மட்டையும் உரிமட்டையும் பாத்தியில் பரப்புதல் இதே பயனைத் தரும். ஜிப்சம் களர் நிலத்திற்கு ஏற்றது. உப்பு மட்டுமே மிகுந்த உவர் நிலத்தில் அதனால் பயனில்லை. மண் பரிசோதனையின்றி அதனை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

பயிரும் கால்நடையும்

வெங்காயம், உளுந்து, பாசிப்பயறு ஆகியவை உப்பைத் தாங்கா. பருத்தி, சோளம், தென்னை ஆகியவை ஓரளவு தாங்கும். தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதால் நிலம் தேறும். நவரை நெல் முதிர்ந்தவுடன், இடி மழை அறிவிப்பு இருப்பின் தாமதிக்காமல் அறுத்துக் களத்தில் மூடி வைக்க வேண்டும். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக்கொடுப்பது பங்குனியிலேயே முடியட்டும். மாடுகளை நண்பகலில் நிழலில் கட்டி, நல்ல நீரைப் பலமுறை காட்ட வேண்டும். இடி முழங்கும்போது மனிதரோ மாடோ தனி மரத்தடியில் ஒதுங்கலாகாது.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க

சித்திரையில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவம் முடிந்து தையில் ஒருமுறையும் கிணற்று நீரைப் பரிசோதிக்க அனுப்பும்படி விவசாயிகளை ஊக்குவித்தல் வேண்டும். பம்பு செட்டைச் சில நிமிஷம் ஓடவிட்ட பிறகே சுத்தமான புட்டியில் நீர் பிடித்து, சர்வே நம்பரும் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும். ஓடையிலோ ஆற்றிலோ நுரை, நிறமாற்றம், துர்நாற்றம் காணப்பட்டால் நாளும் நேரமும் குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே தெரிவிப்பது கடமை. நஷ்டஈடு கோரும் நாளில், வாய்ச்சொல்லைவிட வருஷந்தோறும் ஒழுங்காக எழுதி வைத்த இக்குறிப்பே குடிகளுக்குத் துணை நிற்கும். ஆகையால் இவ்வருஷச் சித்திரையிலேயே ஒவ்வொரு கிராமத்திலும் இதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கப்படுவது நலம்.